சாவு வீட்டுக்கு நண்பர் எழுத வேண்டிய கடிதம்

வேப்பூர், விருத்தாசலம் பக்கத்து ஊர்களில் ஒருவர் இறந்துவிட்டால், அந்த வீட்டில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை ஊர் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது. கொள்ளி வைக்க மகன், முறைகளை முன்நின்று நடத்தப் பங்காளிகள், கோடித்துணி கொண்டுவரச் சம்பந்தி வீட்டார் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. தாய்மாமனுக்கும் மைத்துனருக்கும் தனித்தனி முறை இருக்கிறது. வாய்க்கரிசி போடும் வரிசையில்கூட உறவின்படி முன்பின் பார்ப்பார்கள். நண்பருக்கு மட்டும் எந்த முறையும் இல்லை. பந்தலுக்குச் சொல்ல, ஃபிரீசர் பெட்டி எடுத்துவர, மாலை வாங்க, மணிமுத்தாற்றங்கரையில் காரியத்துக்கு ஆக வேண்டியதைப் பார்க்க என்று முதலில் ஓடுகிறவர் அவர்தான். ஆனால் அந்த வேலை எதுவும் நண்பர் என்ற உரிமையில் அவருக்குக் கிடைத்ததல்ல. யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினரின் துக்கத்துக்கு ஊர் ஒரு கரை காட்டிவிடுகிறது. நண்பரின் துக்கத்துக்கு அப்படி ஒரு கரை கிடையாது. வேப்பூர் கூட்டுரோட்டில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலி பேனர்களின் அடியில் வரிசையாக நண்பர்களின் பெயர்கள் இருப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தங்கள் கைக்காசைப் போட்டுத் தங்களுக்கென்று ஓர் இடத்தை அவர்கள் தேடுகிறார்கள். அந்த இடம் கடிதத்தில் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். நண்பர் மட்டுமே செய்யக்கூடிய, வேறு யாரும் அவருக்குப் பதிலாகச் செய்ய முடியாத ஒரு முறை அது.

நண்பரை இழந்தவரின் துக்கம் சின்னது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மனைவி இறந்தால் வேலைக்கு விடுப்பு கிடைக்கும்; இருபது வருடம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் இறந்தால் அரைநாள் அனுமதி கேட்கவே கூச்சப்பட வேண்டியிருக்கிறது. சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்ற ஒன்றை அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989ல் தனி நூலாகவே விவரித்தார். உறவின் பெயர் சட்டத்திலோ சடங்கிலோ இல்லாதபோது, அழுவதற்கான உரிமையும் இல்லாமல் போகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். 2019ல் ஆஸ்திரேலியாவில் 26,515 பேரின் பல ஆண்டுத் தகவல்களை வைத்து வெளியான ஓர் ஆய்வு, நெருங்கிய நண்பரை இழந்தவர்களின் உடல்நலமும் மனநலமும் நான்கு ஆண்டுகள் வரைகூடத் தாழ்ந்திருந்ததைக் காட்டியது. பதினாறு நாளில் முடியும் துக்கமாக ஊர் கருதுவது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது என்று இதற்குப் பொருள். ஆகவே கடிதம் எழுதுவது இறந்தவரின் வீட்டாருக்கு மட்டும் உதவுகிற காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எழுதுகிறவருக்கும் அது தேவை. ஆனால் எழுதத் தொடங்கும்போது கண்முன் இருக்க வேண்டியவர்கள் வீட்டார்தான், ஏனெனில் அவர்களுக்குக் கொடுப்பதற்கு நண்பரின் கையில் ஒன்று இருக்கிறது.

அது என்ன என்பதற்கு இந்த ஊரின் பெயரையே தாங்கியிருந்த ஒருவரின் வாழ்க்கை சரியான எடுத்துக்காட்டு. புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். 1906ல் இதே கடலூர் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, 1948ல் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தவர். வாழ்க்கையின் முக்கியமான பகுதியைப் பத்திரிகை வேலைக்காகச் சென்னையில் கழித்தார். மனைவி கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தார். கணவரின் ஒருபாதி வாழ்க்கை மனைவிக்குக் கடிதம் வழியாகத்தான் தெரிந்திருக்க முடியும். அவர் யாரோடு என்ன பேசினார், எதற்குச் சிரித்தார், எதற்குச் சண்டை போட்டார் என்பதெல்லாம் சென்னை நண்பர்களிடம் இருந்தது. அந்த நண்பர்களில் இளையவரான தொ.மு.சி. ரகுநாதன் 1951ல் புதுமைப்பித்தன் வரலாற்றை நூலாக எழுதினார். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இடைசெவலில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அழகிரிசாமி 1970ல் இறந்தபின், அவர் தமக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. நூலாகக் கொண்டுவந்தார். வீட்டில் தேடினால் கிடைக்காத ஓர் அழகிரிசாமி அந்தக் கடிதங்களில் இருக்கிறார். எழுத்தாளர்களுக்கு மட்டும் உரிய விஷயமல்ல இது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவரானாலும், வேப்பூர் ஆட்டுச்சந்தையில் தரகு பார்த்தவரானாலும், ஒரு மனிதர் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை வீட்டுக்கு வெளியே கழிக்கிறார். அந்தப் பாதிக்குச் சாட்சி நண்பர். அவர் சொல்லாவிட்டால் அது அவரோடு போய்விடும், வீட்டார் அதைக் கடைசிவரை அறியமாட்டார்கள்.

எனவே நண்பரின் கடிதத்துக்கு ஆறுதல் இரண்டாம் வேலை, சாட்சி சொல்வதே முதல் வேலை. இந்த வரிசையை மாற்றிக்கொள்வதால்தான் நம் இரங்கல் கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆழ்ந்த இரங்கல், ஈடுசெய்ய முடியாத இழப்பு, ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம் என்ற மூன்று தொடர்களிலும் பொய் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் எந்த வீட்டுக்கும் அனுப்பலாம் என்பதால், அவை எந்த வீட்டுக்கும் உரியவை ஆவதில்லை. நம் மரபு இதைவிட நன்றாகத் துக்கம் சொல்லத் தெரிந்த மரபு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. கல்லில் இருக்கும் சில வரிகளுக்குள், அவனோடு நின்ற நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் அந்த மனிதனை நாம் தனியாக அறிவது வீரன் என்ற பொதுச்சொல்லால் அல்ல, அந்த நாயால்தான். புறநானூற்றில் அதியமானை இழந்த ஔவையார் பாடும் 235ஆம் பாட்டும் அப்படித்தான். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அவன் யாருக்குக் கொடுத்தான், நிறையக் கிடைத்தால் எப்படிச் சேர்ந்து குடித்தான், புலவு நாறும் தலையை எந்தக் கையால் தடவிக்கொடுத்தான் என்று ஒரு வீட்டுக் கூடத்துக்குள் நடப்பவற்றையும் ஔவை சொல்லிக்கொண்டு போகிறார். நம் பெண்கள் வைக்கும் ஒப்பாரியிலும் அவர் வாங்கிவந்த சேலையும் ஓட்டிய வண்டியும் உட்கார்ந்த திண்ணையும் வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒப்பாரியில் செய்ததை, படித்த நாம் கடிதத்தில் கைவிட்டிருக்கிறோம்.

இதிலிருந்து எழுதும் முறை தானாகவே வந்துவிடுகிறது. தாளை எடுப்பதற்கு முன், நண்பரைப் பற்றி வீட்டாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு நிகழ்ச்சியை நினைவிலிருந்து தேர்ந்தெடுங்கள். அது பெரிய தியாகமாக இருக்க வேண்டியதில்லை. அவர் கை செய்த வேலை, வாயில் அடிக்கடி வந்த சொல், அவர் நின்ற இடம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் போதும். தொடங்கும்போது, பள்ளிக்கூடத்தில் பழகிய 'நலம், நலமறிய அவா' வரக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை எடுத்துவிட்டால் எப்படித் தொடங்குவது என்று திகைத்துப் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். நீங்கள் யார், அவரை எங்கே அறிந்தவர் என்பதுதான் தொடக்கம். பிள்ளையார் சுழி போடும் வழக்கம் உள்ளவர்கள் இதில் அதை விட்டுவிடலாம். அழைப்பு, அந்த வீட்டில் உங்கள் வாய் எப்படி அழைக்குமோ அப்படியே இருக்கட்டும். அண்ணி என்று கூப்பிட்டவரைத் 'திருமதி அவர்களுக்கு' என்று எழுதினால், சாவு வந்தவுடன் நீங்கள் அந்நியராகிவிட்டதைப்போல் இருக்கும். பீங்கான் பட்டறையில் உடன் வேலை பார்த்தவர் நண்பரின் மனைவிக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டு ஒரு மாதிரியைக் கீழே தருகிறேன்.

"அன்புள்ள அண்ணிக்கு, தொழிற்பேட்டையில் அண்ணனோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவன் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தபோது எதுவும் பேச முடியவில்லை. அண்ணனைப் பற்றி உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். சூளை பிரிக்கும் நாளில் அண்ணன்தான் முதலில் நிற்பார். ஒவ்வொன்றையும் எடுத்து விரல் கணுவால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் காதுக்குத் தெரியும். அவர் ஒதுக்கினதை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்க மாட்டோம். நான் புதிதாகச் சேர்ந்தபோது, காயவைத்திருந்த ஒரு பலகை அகல்விளக்கை முழுசாகத் தட்டிவிட்டேன். மேஸ்திரி வருவதற்குள் 'என் கை பட்டுப்போச்சு' என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதற்கு அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். கடைசிவரை அதை அவர் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது பட்டறையில் நான்தான் தட்டிப் பார்க்கிறேன். அண்ணன் சொல்லிக்கொடுத்தது. போன ஆடியில் அவரிடம் 3,000 ரூபாய் கைமாத்து வாங்கியிருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியோடு வந்து கொடுத்துவிடுகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம், அண்ணி. பெரியவனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்."

இந்தக் கடிதத்தில் ஆறுதல் என்று தனியாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் மனைவிக்கு அவர் அறியாத ஒரு கணவரையும், மகனுக்குப் பெருமைப்பட ஒரு திறமையையும் அது கொடுத்திருக்கிறது. அண்ணன் கற்றுக்கொடுத்தது பட்டறையில் தொடர்கிறது என்ற செய்தியும் இருக்கிறது. எழுதியவர் அதை வலியுறுத்தவில்லை, அதனால்தான் அது வேலை செய்கிறது. கைமாத்து வரியைச் சிலர் அநாகரிகம் என்று நினைக்கலாம். எனக்கு அது இந்தக் கடிதத்தின் மிக நேர்மையான வரி. நம் ஊர்களில் நண்பர்களுக்குள் கைமாறும் பணத்துக்குச் சீட்டும் கிடையாது, சாட்சியும் கிடையாது. கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பணம் இருந்தது என்பதையே வீட்டார் அறிய மாட்டார்கள். நீங்கள் தர வேண்டியது இருந்தால் தொகையையும் நாளையும் எழுதுங்கள். அவர் உங்களுக்குத் தர வேண்டியது இருந்தால் இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். அதற்கு வேறு சமயம் வரும், வராமலும் போகட்டும்.

துக்கத்துக்கு நேரில் போவதுதானே நம் வழக்கம், கடிதம் போடுவது வராமல் தப்பித்துக்கொள்ளும் வழியல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. போகக் கூடியவர் கட்டாயம் போக வேண்டும்; கடிதம் அதற்கு ஈடு அல்ல. ஆனால் சாவு வீட்டில் பேச்சுக்கு எவ்வளவு இடம் வைத்திருக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். அங்கே வாருங்கள் என்று யாரும் அழைப்பதில்லை. கிளம்பும்போது போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. வந்து, கைகொடுத்து, உட்கார்ந்து, சொல்லாமல் எழுந்து போகிறோம். இது அர்த்தமுள்ள ஏற்பாடு. உடம்பால் பக்கத்தில் இருப்பதே அன்று போதும், பேச்சைத் தாங்க அந்த வீட்டுக்குத் தெம்பில்லை. அந்த மௌனம் சரியானது என்பதாலேயே, பேச வேண்டியதற்கு வேறோர் இடமும் நேரமும் தேவைப்படுகிறது. பந்தலில் நாலு பேர் மத்தியில் சொல்ல முடியாததை, சொன்னாலும் அன்றைய களைப்பில் மனத்தில் நிற்காததைக் கடிதம் வைத்திருந்து தருகிறது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு ஊர்ச்சாவுக்கு வர முடியாமல் தவிப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை. அவர்கள் தொலைபேசியில் அழுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அழுகையில் பாதி அடுத்த முனையில் கேட்பதுகூட இல்லை.

இன்னொரு தடை இதைவிடக் கடினமானது. சாவுச் செய்தியைத் தாங்கிவரும் கடிதத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வாசலிலேயே படித்துக் கிழித்துப்போட வேண்டும் என்பது பழைய வழக்கம். கருமாதிப் பத்திரிகையின் ஓரத்தில் கறுப்பு மை தடவுவது, பிரிக்கும் முன்பே இது எது என்று தெரிவதற்காகத்தான். இப்படியிருக்க, வைத்துப் பாதுகாக்கும்படியான ஒரு கடிதத்தைச் சாவு வீட்டுக்கு எப்படி அனுப்புவது? அந்த வழக்கம் குறிப்பது மரணத்தை அறிவிக்கும் கடிதத்தை. நீங்கள் எழுதுவது அவர் வாழ்ந்ததை அறிவிக்கும் கடிதம். இருந்தாலும் பெரியவர்களின் மனச்சங்கடத்தை வாதத்தால் வெல்லப் பார்ப்பது இந்த நேரத்தில் தகாது. காரியம் முடிந்து, வீடு கழுவி, தீட்டு கழிந்தபின் போய்ச் சேரும்படி அனுப்பினால் சங்கடமே எழாது. பதினேழாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் நடுவில் என்று நான் சொல்வேன். அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதுவரை கூட்டம் இருந்த வீட்டில் அப்போதுதான் யாருமில்லாத பிற்பகல்கள் தொடங்குகின்றன. ஓரத்தில் கறுப்பு வேண்டாம், சிவப்பு மையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். அஞ்சலட்டை கூடாது, வழியில் யாரும் படித்துவிடலாம். ஒட்டிய உறைக்குள் கோடு போட்ட சாதாரணத் தாள் போதும். கையெழுத்து அழகாக இல்லை என்பதற்காகத் தட்டச்சு செய்யாதீர்கள். அடித்தும் திருத்தியும் எழுதியிருப்பது, எழுதியவர் திணறினார் என்பதைச் சொல்லாமல் சொல்லும்.

நினைவுகளை எழுதினால் ஆறுகிற புண்ணைக் கிளறுவதாகாதா என்பது நல்லெண்ணத்திலிருந்து வரும் கேள்வி. அதனாலேயே அது பலர் வாயைக் கட்டிவிடுகிறது. ஆனால் இறந்தவரை வீட்டார் மறந்து உட்கார்ந்திருப்பதாகவும், நாம்தான் நினைவுபடுத்திவிடுவோம் என்றும் எண்ணுவதில் ஒரு பிழை இருக்கிறது. அவர்கள் ஒரு நிமிடமும் மறக்கவில்லை. அவர் பெயரை மற்றவர்கள் சொல்ல மறுப்பதைத்தான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறந்தவரோடான உறவை அறுத்துக்கொள்வதுதான் தேறுவது என்று ஒரு காலத்தில் உளவியலாளர்கள் எண்ணினார்கள். 1996க்குப் பின், அந்த உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்ற கருத்து அவர்களிடையே வலுப்பட்டது. ஆண்டுதோறும் திதி கொடுத்துப் படைக்கிற நமக்கு அது புதிய செய்தி அல்ல. 1862 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கன், போரில் இறந்த தம் பழைய நண்பர் வில்லியம் மெக்கலாவின் இளம் மகள் ஃபேனிக்கு எழுதிய கடிதம் இன்றும் படிக்கப்படுகிறது. துக்கம் இப்போதே தீரும் என்று அவர் பொய் சொல்லவில்லை. காலத்தால்தான் தீரும், இப்போது உன்னால் அதை நம்ப முடியாது, ஆனால் ஒருநாள் அப்பாவின் நினைவு வேதனையாக இல்லாமல் வேறு ஒன்றாக மாறும் என்று எழுதினார். நாட்டையே போர் பிளந்துகொண்டிருந்தபோது ஒரு ஜனாதிபதி இதற்கு உட்கார்ந்தார் என்றால், நமக்கு நேரமில்லை என்று சொல்வது கடினம். இதற்கு எதிர்வகைக் கடிதம் ஒன்றும் புகழ்பெற்றது. மகளை இழந்த ரோமானிய அறிஞர் சிசரோவுக்கு, கி.மு. 45ல் நண்பர் சுல்பீசியஸ் எழுதியது. பெரிய நகரங்களே அழிந்து கிடக்கின்றன, ஒரு பெண்ணின் உயிர் எம்மாத்திரம் என்று அதில் தத்துவம் பேசினார். சிசரோ தம் பதிலில் நண்பர் தம் வேதனையில் பங்கெடுத்ததற்கு உருகி நன்றி சொன்னார். ஆனால் தம் நிலைமை வேறு, துக்கத்தை மறக்கத் தமக்கு வேறு புகலிடம் இல்லை என்றும் எழுதினார். பிறந்தவர் இறப்பது நியதி, எல்லாம் அவன் செயல், வயசு ஆனவர்தானே, விருத்தகாசியில் உயிர் போனால் முக்தி என்பவை எல்லாம் சுல்பீசியஸ் பேசிய வகை. விருத்தகாசி எனப்படும் விருத்தாசலத்தில் இறப்பவருக்குக் காசியைவிட ஒரு வீசம் அதிகப் புண்ணியம் என்ற நம்பிக்கையை அந்த வீட்டார் தாமாகச் சொல்லித் தேறினால், கூடவே தலையசையுங்கள். நீங்களாக அதை எழுதி அனுப்ப வேண்டாம்.

இறந்தவரோடு சண்டையில் இருந்தவர் என்ன செய்வது? கடைசி இரண்டு வருடம் பேச்சே இல்லாமல் இருந்தோம், இப்போது எழுதினால் நடிப்பாகாதா என்று தயங்குபவர் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, பல பத்தாண்டுகள் அவரை அரசியலில் எதிர்த்த பெரியார், 93 வயதில் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். எதிர்ப்பு பொய்யானதால் அந்தக் கண்ணீர் வரவில்லை. எதிர்ப்பும் நட்பும் இரண்டுமே உண்மையாக இருந்ததால் வந்தது. மனத்தாங்கல் இருந்ததை வீட்டார் அறிவார்கள் என்றால் அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு, அதற்கு முந்தைய நல்ல காலத்துக்குப் போய்விடுங்கள். யார் பக்கம் நியாயம் என்பதைத் தொடக்கூடாது. இறந்தவர் குடியால் வீட்டை நோகடித்தவராக இருந்தால், அவரைத் தெய்வமாக்கி எழுதுவது அந்த மனைவிக்குச் செய்யும் அநீதி. அவர் பட்டது பொய் என்று ஆகிவிடும். நடந்த ஒரு நல்லதை, நடந்த அளவுக்கே எழுதுங்கள். தானாக உயிரை மாய்த்துக்கொண்டவர் என்றால் காரணம் என்ற பேச்சே வேண்டாம்; முன்பே தெரிந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்ற தொனி எங்கும் எட்டிப்பார்க்கக் கூடாது. அந்தக் கேள்வியை அந்த வீடு இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. விபத்தில் போனவர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். நெடுஞ்சாலை ஓர ஊர்களில் வாழும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சாதியும் ஆண் பெண் வேறுபாடும் குறுக்கே நிற்கும் நட்புகளைப் பற்றி வழிகாட்டி நூல்கள் பேசாமல் போவது சரியல்ல. ஒரே சூளையில் வேலை, ஒரே டப்பாவில் சோறு. ஆனால் தெருவுக்குள் போய் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார முடியாது என்ற நிலை இன்னும் இருக்கிறது. பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய நண்பருக்கு, அந்த வீட்டுக்குள் நேராகப் போய் உட்காரக்கூடிய ஒரே வழி கடிதம். அதை அவர் தாழ்ந்த குரலில் எழுத வேண்டியதில்லை. மற்றவர்களைப்போல அண்ணி, அம்மா, தம்பி என்றே எழுதட்டும். உடன் வேலை பார்த்த பெண் இறந்த ஆண் நண்பரைப் பற்றி எழுதுவதில் வேறு விதமான கவலை இருக்கிறது. கடிதமே அந்த வீட்டில் சந்தேகத்துக்கு இடமாகிவிடுமானால் அது அவருடைய நினைவுக்கு நல்லதல்ல. அப்போது பட்டறையில் எல்லாரும் சேர்ந்து கையொப்பமிட்டு ஒரே கடிதமாக அனுப்பலாம், அதற்குள் அவர் தமக்குத் தெரிந்ததை எழுதட்டும். இறந்தவரின் மனைவிக்கு அல்லாமல் தாயாருக்கு எழுதுவதும் ஒரு வழி. அதுவும் முடியாத இடத்தில் எழுதி, தேதி போட்டு, தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அனுப்பப்படாததால் அது பொய்யாகிவிடாது.

படிக்கத் தெரியாத தாயாருக்குக் கடிதம் எதற்கு என்று கேட்டால், படித்துக் காட்டப்படுவதற்கென்றே எழுதுங்கள் என்பது பதில். வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும், பேச்சு வழக்கு தாராளமாக வரட்டும். பள்ளிக்குப் போகும் பேத்தி உரக்கப் படிக்கப்போகிறாள் என்று நினைத்து எழுதினால் நடை தானே சரியாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்பதற்கும் நான் எதிரியல்ல. குரல் பதிவாக அனுப்பினால் அந்தத் தாயாருக்கு அது தாளைவிட நன்றாகவே சேரும். ஆனால் கைப்பேசி மாறும், எண் மாறும், நிரம்பிவிட்டது என்று பழையதை அழிப்பார்கள். தாள் பெட்டிக்கடியில் கிடக்கும். இரண்டையும் செய்வதில் ஒரு தவறும் இல்லை.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இரண்டாவது கடிதத்தை. முதல் பொங்கலுக்கு முன்னால் அது போக வேண்டும். துக்க வருடத்தில் அந்த வீட்டில் பொங்கல் வைக்க மாட்டார்கள். ஊரெல்லாம் கொண்டாடும்போது அவர்கள் வாசல் கோலமில்லாமல் கிடக்கும். அந்த வாரம் யார் நினைவு வைத்து எழுதினார்கள் என்பதை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். இந்தக் கடிதத்தில் நடைமுறை உதவிக்கு இடம் உண்டு. என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதுவதால் பயனில்லை, யாரும் கேட்க மாட்டார்கள். சங்ககால வள்ளல் பாரி இறந்தபின், அவன் நண்பரான புலவர் கபிலர் அவன் மகள்களை அழைத்துக்கொண்டு மணம் பேச அரசர் வாசல்களில் ஏறி இறங்கினார். மலையன் என்ற அரசனுக்குப் பாரி மகளைக் கொடுத்ததை, இங்கிருந்து தொலைவில் இல்லாத திருக்கோவலூரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டே சொல்கிறது. கபிலர் எடுத்துக்கொண்டது ஒரு குறிப்பிட்ட வேலை. நீங்களும் அப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பருக்கு வைப்புநிதிக் கணக்கு இருந்ததா என்பது உடன் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். வேலையில் இருக்கும்போதே இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு, வைப்புநிதியோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. மண்பாண்டத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர் பதிந்திருந்தால் அங்கும் உதவித்தொகை கேட்கலாம். எந்த அலுவலகம், எந்தத் தாள், எந்த நாள் நான் கூட வருகிறேன் என்று எழுதுங்கள். எழுதியபடி போங்கள், போக முடியாது என்று தோன்றினால் அந்த வரியை எழுதவே வேண்டாம்.

கடைசியாக, கையொப்பம். வெறும் பெயரை மட்டும் எழுதி முடிப்பது நம் பழக்கம். ஒரே பெயரில் ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். முழுப்பெயர், ஊர், தெரு, தொலைபேசி எண், நண்பரோடு எந்த இடத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பழகினீர்கள் என்பது எல்லாம் கீழே தெளிவாக இருக்கட்டும். தேதியை மறக்காதீர்கள். ஒரு நகல் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இன்று மூன்று வயதில் இருக்கும் குழந்தை இருபது வயதில் அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கும்போது, அதிலிருக்கும் முகவரியைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பற்றி இன்னும் கேட்க உங்களிடம் வரக்கூடும். அன்று சொல்வதற்கு, கடிதத்தில் எழுதாமல் விட்ட மற்ற நிகழ்ச்சிகளையும் அந்த நகலின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.